கருவி வந்தால் போதுமா? கல்வி வரவேண்டாமா?

கினிகத்தேனைக் கணவாயில் நின்று நோக்குவோர்க்கு மூன்று காட்சிகள் தெரியும்: தேயிலை, மழைமுகில், மலைக்கு மலை தாவிச் செல்லும் மின்கம்பி. இம்மலைநீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. இங்கே பிறந்த ஒளி கொழும்பு மாளிகைகளுக்குச் சென்றது. அக்கம்பியின் கீழே இருந்த லயங்களிலோ, பின்னும் பல்லாண்டுகள் குப்பி விளக்கே புகைந்தது. மின்சாரத்தில் நேர்ந்த இவ்வஞ்சனை, டிஜிட்டல் கல்வியிலும் நேர விடுவோமா? இதுவே இன்று நாம் எழுப்பும் வினா.

கல்வியியற் கல்லூரிகளில் டிஜிட்டல் பாடத்தொகுப்புகளைப் புகுத்த வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. நாம் அதை எதிர்ப்பவரல்லர். ஆனால், எந்தப் பாடத்தில், எந்த மொழியில், எவ்வாறு என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை தேசிய கல்வியியற் கல்லூரிகள். மலையகத்தின் ஆசிரியப் பஞ்சத்தைத் தீர்க்கும் நோக்குடன், ஜெர்மனியின் உதவியோடு, 1990களின் தொடக்கத்தில் எழுந்தது பத்தனை ஸ்ரீபாத கல்லூரி. அங்கே பயிலும் ஆசிரிய மாணவர் அனைவரும் கற்கும் பாடம் கல்வி உளவியல். குழந்தையின் உள்ளம் எவ்வாறு கற்கிறது, ஏன் மறக்கிறது, எதனால் அஞ்சுகிறது என்பதைச் சொல்லும் பாடம் அது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் போகிறவர், அப்பாடத்தை எவ்வாறு கற்கிறார் என்பது சிறிய செய்தியா?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, "இணையவழியில் கற்பீர்" என்று ஆணை பிறந்தது. பிறகு நடந்ததை நாடறியும். ஊவா மலைகளில் பிள்ளைகள் அலைவரிசை தேடிப் பாறை மேல் ஏறினர். மரத்தின் மேல் அமர்ந்தனர். அப்படங்களை 2021இல் உலகச் செய்தித்தாள்களும் வெளியிட்டன. தோட்டத்து லயத்திலோ ஒரு குடும்பத்துக்கு ஒரு கைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த தொழிலாளி, டேட்டாவுக்கு எங்கிருந்து பணம் தேடுவார்? கருவி இருந்தால் கல்வி தானாக வரும் என்றோர் அன்று வாயடைத்தனர். இன்று மீண்டும் அதே பல்லவியைத் தொடங்கியுள்ளனர்.

மறுபுறத்தே இன்னொரு கூட்டம் உண்டு. "நாங்கள் குறிப்புச் சொன்னோம், அவர்கள் எழுதினார்கள், சித்தியடைந்தார்கள், இயந்திரம் எதற்கு?" என்பது இவர்கள் கட்சி. இவர்களையும் நாம் ஏற்கமாட்டோம். பியாஜேயின் நான்கு பருவங்களையும் மனனம் செய்து ஒப்புவிக்கும் மாணவர், பிள்ளைக் காம்பிராவில் இருக்கும் ஒரு பிள்ளையின் முன்னே இரண்டு கிண்ணங்களை வைத்து, நெட்டைக் கிண்ணத்தில் நீர் கூடுதலா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? கேட்காதவர் கற்றது உளவியல் அன்று, உளவியலின் பெயர்ப்பட்டியல்.

உளவியலே இவ்விரு கட்சியினருக்கும் விடை சொல்லியிருக்கிறது. கற்பிக்கும் இயந்திரத்தை 1954இல் உலகுக்குக் காட்டிய ஸ்கின்னர் ஓர் உளவியலாளர். சிறிய படியாகக் கற்க வேண்டும், விடை சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும், அவரவர் வேகத்தில் முன்னேற வேண்டும் என்பவை அவர் வகுத்த விதிகள். 1964இல் பிரேசில் நாட்டின் பிரசீலியாப் பல்கலைக்கழகத்தில், கெல்லர் என்பாரும் தோழர்களும் உளவியல் வகுப்பையே புதுமுறையில் நடத்தினர். பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்தனர். ஓர் அலகில் தேறியவரே அடுத்ததற்குப் போகலாம். மூத்த மாணவர் அருகிருந்து விடையைத் திருத்தி, தவறியவருக்கு விளக்கினர். அங்கே கணினி இல்லை. காகிதமும் மனிதரும் இருந்தனர். கருவியை விட முறையே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றும் கேளுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்னும் அறிஞர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராரை மீண்டும் மீண்டும் படிக்கச் செய்தனர். மறுசாராரைப் படித்தபின் நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதற்சாரார் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதியவரே முந்தினர். அப்படியாயின், அச்சில் இருந்த குறிப்பைத் திரையில் ஏற்றிவிட்டு அதனையே டிஜிட்டல் கல்வி என்பது எத்தகைய ஏமாற்று? மாணவரைக் கேள்வி கேட்கும் தொகுப்பே தொகுப்பு. ஏனையது விளக்குப் போட்ட காகிதம்.

நாம் வேண்டும் வகுப்பு இத்தகையது. கோட்பாட்டை மாணவர் இரவில் தம் கைபேசியில், சிறு அலகாகக் கற்கட்டும். கேள்விகளுக்கு விடை தரட்டும். எந்தக் கேள்வியில் பலர் இடறினர் என்பதை விரிவுரையாளர் காலையிலேயே அறியட்டும். குறிப்புச் சொல்லும் நேரம் மிச்சமாகும். அந்நேரத்தில் மாணவரைப் பிள்ளைக் காம்பிராவுக்கும் முதலாம் வகுப்புக்கும் அழைத்துச் செல்லட்டும். கண்டதை வகுப்பில் வைத்து வாதிடட்டும். இயந்திரம் ஆசிரியரை அகற்றுவதற்கன்று. ஆசிரியரை ஆசிரியர் ஆக்குவதற்கே.

அடுத்தது மொழி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஏட்டில் ஏறிய உரிமை திரையில் ஏறவேண்டாமா? ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஆக்கி முடித்தபின், எஞ்சிய பணத்தில் அவசரமாகப் பெயர்த்த தமிழ் நமக்கு வேண்டாம். தமிழ் விரிவுரையாளர் தமிழிலேயே எழுதட்டும். தோட்டத்துப் பிள்ளையை உதாரணமாகக் கொள்ளட்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ், 2014 முதல் உளவியற் பாடநூலொன்றை இலவசமாகத் தருகிறது. இலாபநோக்கின்றி அதைத் தழுவிக்கொள்ள உரிமமும் உண்டு. மூலம் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. நம்மவரிடமும் ஒரு குற்றம் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த குறிப்புகள் கைபேசியில் புரியாக் குறிகளாகத் தெரிகின்றன, தேடினாலும் கிடைப்பதில்லை. யூனிகோடுக்கு மாற அமைச்சரின் கையொப்பம் தேவையில்லை. நம் விருப்பம் போதும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. தொகுப்பு தமிழில், ஏனைய மொழிகளோடு ஒரே நாளில் வெளிவர வேண்டும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியும் மலிவான கைபேசியில் இயங்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் தடுமாறுவோர்க்குத் துணைநிற்கும் மூத்த மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். பரீட்சையும் மாற வேண்டும். மனனத்துக்கே புள்ளி எனில், எத்தனை தொகுப்பு வந்தாலும் மாணவர் மனனத்துக்கே திரும்புவர்.

தேயிலைச் சிறுதோட்ட உடைமையாளரும், மரக்கறி விளைவிப்போரும், அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் பணிபுரிவோரும் "இது கல்லூரி விவகாரம்" என்று ஒதுங்கலாகாது. நாற்றுமேடை கெட்டால் தோட்டம் கெடும் என்பதை நீங்கள் அறியாதவரல்லர். ஆசிரியக் கல்லூரியே நம் இனத்தின் நாற்றுமேடை. தோட்டப் பள்ளிக்கூடம் துரைமாரின் தயவில் கிடந்த காலம் ஒன்றிருந்தது. 1970களில் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கிய பின்னரே கதவு திறந்தது. அக்கதவு தானாகத் திறக்கவில்லை; கேட்டவர் இருந்தனர், திறந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பிரதேச சபையிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் இந்நான்கையும் கேளுங்கள். எழுத்தில் விடை வாங்குங்கள்.

மின்கம்பி நம் தலைக்கு மேலே சென்றபோது நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அறிவின் கம்பி செல்லும்போதும் அவ்வாறே நிற்போமாயின், நாளை நம் பிள்ளைகள் பழிக்கப்போவது அரசை மட்டுமன்று, நம்மையுந்தான்.