அஞ்சு வெள்ளிச் சாப்பாடு யாருக்கு?



போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தைக் கழுவி முடித்துவிட்டு, தொண்டர்கள் ஆறு பேர் மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவக் கடைக்குப் போனோம். சுவரில் 'மெனு ரஹ்மா 5 வெள்ளி' என்று ஒட்டியிருந்தது. சோறு, சாம்பார், ரெண்டு வகை காய், அப்பளம். மலிவா கிடைக்குதே, ஏன் விடணும்? ஆறு பேரும் அதையே கேட்டோம்.

கொஞ்ச நேரத்தில் காவலாளி உடுப்பில் ஒரு பெரியவர் வந்தார். "அந்த அஞ்சு வெள்ளி சாப்பாடு இருக்கா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். "முடிஞ்சிருச்சு ஐயா" என்றார் கடைப் பையன். பெரியவர் விலைப்பட்டியலை அண்ணாந்து பார்த்தார். ஒரு தே ஓ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். கூப்பிடலாமா, மனசு புண்படுமா என்று நாங்கள் யோசிக்கிறதுக்குள் அவர் சாலையைக் கடந்துவிட்டார். அதற்குமேல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் திட்டம் 2023 ஜனவரி கடைசியில் தொடங்கியது. அப்போது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சராக இருந்த சலாஹுடின் அயூப் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். ரஹ்மா என்றால் கருணை. விலைவாசி ஏறின நேரத்தில், வருமானம் குறைந்தவர்களும் 5 வெள்ளிக்குள் வயிறாரச் சாப்பிடணும் என்பதுதான் நோக்கம். கடைக்காரர்கள் தாங்களாக விரும்பிச் சேருகிற திட்டம் இது.

"யாரும் கார்டு காட்டச் சொல்லலையே, எல்லாருக்கும் பொதுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். கேட்கவும் கூடாது. நம் அன்னதானப் பந்தியில் யாரிடமாவது சம்பளச் சீட்டு கேட்கிறோமா? பசிக்குச் சாட்சி கேட்பது பாவம்.

ஆனால் கேட்காமல் விடுகிற இடத்தில், நாமாகப் பார்த்து நடந்துக்கணும். பெரிய ஓட்டல்களில் பஃபே பாதி விலை, தீபாவளி சலுகை என்று வந்தால் தாராளமாகப் போங்கள். அது வியாபாரம். மெனு ரஹ்மா அப்படியில்லை. கடை வாடகை, எண்ணெய், கேஸ் எல்லாம் ஏறிக்கிடக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமே 2025-இலிருந்து 1,700 வெள்ளி. 5 வெள்ளித் தட்டில் கடைக்காரருக்குப் பெரிதாக என்ன மிஞ்சும்? முழு விலை கொடுக்கிறவர்கள்தான் அந்தத் தட்டைத் தாங்குகிறார்கள். வசதி உள்ளவர்களும் அதையே கேட்டால், ஒருநாள் அந்த நோட்டீஸைக் கிழித்துவிடுவார்கள். அப்போது நட்டம் நமக்கில்லை, அந்தப் பெரியவருக்கு.

அதனால் எங்கள் தாழ்மையான வேண்டுகோள்.

முழு விலை கொடுக்க முடிகிறவர்கள் முழு விலை கொடுத்தே சாப்பிடுங்கள். முடிந்தால் கல்லாவில் இன்னொரு 5 வெள்ளி வைத்து, "அடுத்து கேட்கிறவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை இழந்தவர்கள், மாணவர்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படும் தாய்மார்களே, நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்களுக்காகவே வைத்தது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கடை வைத்திருக்கும் அன்பர்களே, அதே தட்டில், அதே மேசையில் பரிமாறுங்கள். "அஞ்சு வெள்ளி ஒண்ணு!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தவேண்டாம்.

பந்தியில் பரிமாறுகிறவன் கடைசியில்தான் உட்காரணும் என்று கோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அன்றைக்கு அந்தக் கடையில் நாங்கள் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டோம். இந்தச் சனிக்கிழமை அதே கடைக்குப் போகிறோம். ஆறு பேரும் முழு விலைச் சாப்பாடு சாப்பிட்டு, ஆறு தட்டுக்கான பணத்தைக் கல்லாவில் கொடுக்கப்போகிறோம். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

சிவ சிவ.
அன்னதானத் தொண்டர்கள்