நாய் காதில் கண்டதை ஊத்தாதீங்க

நாய்க்குக் காதில் சீழ் என்றதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள். வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊத்து என்பார் ஒருத்தர். பூண்டு தட்டிப்போட்ட நல்லெண்ணெய் என்பார் இன்னொருத்தர். உண்ணி என்றால் மண்ணெண்ணெய், புழு வைத்திருந்தால் பாச்சா உருண்டைப் பொடி. டவுன் நண்பர்களும் சளைத்தவர்கள் இல்லை. வீடியோ பார்த்து வினிகர் ஊற்றுகிறார்கள், வீட்டில் மிச்சம் கிடந்த மனுசக் காது மருந்தை நாய்க்கு விடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது என்பதுதான் என் கட்சி.

காரணம் இருக்கு. நம்ம காதுக் குழாய் கிட்டத்தட்ட நேராகப் போகும். நாய்க்கு அது கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். இங்கிலீஷ் 'எல்' எழுத்து மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வளைவுக்கு அப்பால் ஒண்ணும் தெரியாது. அழுக்கும் தண்ணியும் அங்கேதான் தங்கும். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு வெளியே வராது, இன்னும் ஆழமாகத்தான் போகும். நாள்பட்ட சீழில் செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் ஊற்றுகிற மருந்து நடுக்காதுக்கும், அங்கிருந்து உட்காதுக்கும் போய்விடும். நல்ல மருந்திலேயே சிலது அங்கே போனால் கேட்கும் சக்தியைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்க பக்கத்துத் தோட்டத்து நாய்க்கு அப்படித்தான் நடந்தது. உண்ணிக்கு என்று யாரோ சொன்ன எண்ணெயை ஊற்றினார்கள். இரண்டு நாளில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தது. உயிர் பிழைத்துவிட்டது, ஆனால் காது போச்சு. சமணர் மலை அடிவாரத்தில் ராத்திரி காவலுக்கு இருப்பவனுக்கு நாயின் காதுதான் காது. அது குரைத்தால்தான் நாங்கள் எந்திரிப்போம். இப்போது அந்த நாய் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஆள் வந்து நின்றாலும் தெரிவதில்லை.

தலையை உதறுவது, காதைச் சொறிவது, நாற்றம் அடிப்பது எல்லாம் ஒரே நோய் மாதிரிதான் தெரியும். ஆனால் காரணம் பல. காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக உதிர்ந்தால் காதுப் பேனாக இருக்கலாம். பழுப்பாகப் பிசுபிசுவென்று புளித்த வாடை அடித்தால் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சளாகச் சீழ் வடிந்தால் பாக்டீரியா. ஒரே ஒரு காதை மட்டும் திடீரென்று உதறினால் புல் விதையோ உண்ணியோ புகுந்திருக்கலாம். ஒன்றுக்கு உள்ள மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. உதறி உதறி மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து காது பலூன் மாதிரி வீங்குவதும் உண்டு. அதை ஊசியால் குத்திவிடாதீர்கள்.

லாப்ரடார், காக்கர் மாதிரித் தொங்குகாது நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். உள்ளே காத்தோட்டம் கம்மி, ஈரம் காயாது. குளிப்பாட்டினாலும் கண்மாயில் நீந்த விட்டாலும் காதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். மாதா மாதம் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு காதில் மட்டும் இல்லை. பெரும்பாலும் உடம்பில் அலர்ஜி இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பர்ஸ்தான் காலியாகும்.

இதற்குத்தான் காதை வெட்டுகிறோம் என்று சிலர் நியாயம் பேசுவார்கள். எங்க பக்கமும் குட்டியிலேயே காதை நறுக்கிவிடும் பழக்கம் உண்டு. வெட்டுவதால் அலர்ஜி போகாது, உண்ணி ஏறாமலும் இருக்காது. மிருகத்தை ஊனப்படுத்துவது 1960ஆம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் போட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

இன்னொன்று, ராஜபாளையம் நாய். 2005இல் தபால் தலையே வெளியிட்ட பெருமை அதற்கு உண்டு. அந்த வெள்ளைத் தோலோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும். நிறம் தரும் அணுக்கள் உட்காதுக்கும் தேவை, அவை இல்லாவிட்டால் காது வேலை செய்யாது. இதற்கு மருந்து கிடையாது. குட்டி வாங்கும்போது அது பார்க்காத பக்கம் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கேட்காத நாயையும் கைச் சைகையில் பழக்கி அருமையாக வளர்க்கலாம், ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்காதீர்கள். காசுக்காக எடுத்து விற்பவர்கள்தான் அந்த இனத்தைக் கெடுக்கிறார்கள்.

அப்ப என்னதான் செய்யணும்? வாரம் ஒருதரம் காதைத் திருப்பி மோந்து பாருங்கள். நல்ல காதில் வாடை இருக்காது, லேசான ரோஸ் நிறத்தில் இருக்கும். அதைச் சுத்தம் செய்யவே வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். நாயைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. உண்ணி சுவர் வெடிப்பிலும் கட்டிலடியிலும்தான் முட்டை வைக்கும், அங்கேயும் பாருங்கள். வாடை, சீழ், வலி, தலைச் சாய்வு எது தெரிந்தாலும் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டாக்டர் கருவி வைத்துச் செவிப்பறையைப் பார்த்த பிறகு மருந்து தரட்டும். ரெண்டு நாளில் சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள்.

கருப்பசாமிக்கே துணையாக நாயை நிறுத்துகிற ஊர்க்காரர்கள் நாங்கள். அந்த நாய்க்குக் காது வலித்தால் மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடலாமா, சொல்லுங்க.