ஆராய்ச்சிக்கூடத்துக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

சந்தையில் உழவு மாடு வாங்கப் போகிறவர், கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து ஏமாறமாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். முடிந்தால், ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்ப்பார். பிறகுதான் மடியில் உள்ள பணத்தை அவிழ்ப்பார்.

விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் கடிதம் எழுதும், படம் காட்டும். நடுவில் நின்றுவிட்டால், மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் உள்ள கம்ப்யூட்டர் அப்படி அல்ல. அதற்கு 'ஒர்க் ஸ்டேஷன்' என்று பெயர். ஒரு மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும் என்பது போன்ற பெரிய கணக்குகளை, அது இரவு பகலாகப் பல நாட்கள் போடும்.

அதன் விடை தவறாக இருந்தால் என்ன ஆகும்?

வகுத்தலில் பிழை

தாமஸ் நைஸ்லி என்பவர் அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1994-ம் ஆண்டில், 'பென்டியம்' சில்லு பொருத்திய புதிய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் தம் ஆராய்ச்சியில் சேர்த்தார். பழைய கம்ப்யூட்டர்களைவிட அது வேகமானது. ஆனால், அது சொன்ன விடை மற்றவற்றோடு ஒத்துவரவில்லை.

அவர் விடவில்லை. பல மாதங்கள் சோதித்தார். வகுத்தல் கணக்கில் அந்தச் சில்லு தவறு செய்வதைக் கண்டுபிடித்தார்.

41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். அது 1.33374 என்று சொன்னது! எல்லா எண்களுக்கும் இப்படி வராது; அபூர்வமாகச் சில எண்களுக்குத்தான் வரும். அதனால்தான் முதலில் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில், அதைச் செய்த 'இன்டெல்' கம்பெனி சில்லுகளை மாற்றித் தர முன்வந்தது. அதற்காக 47½ கோடி டாலர் ஒதுக்கியது.

4,096 ஓட்டு

2003-ம் ஆண்டு பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. ஸ்கார்பேக் என்ற ஊரில், ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. அத்தனை ஓட்டு விழ வழியே இல்லை. அதனால் பிழை அகப்பட்டது.

கம்ப்யூட்டர் எல்லா எண்களையும் 0, 1 என்ற இரண்டே குறிகளில் எழுதி வைக்கிறது. அதில் ஒரு குறி மட்டும் மாறியதால் வந்த வினை இது. வானவெளியில் இருந்து வந்த கதிர் பட்டு மாறியிருக்கலாம் என்று கருதப்பட்டது.

இத்தகைய பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் 'மெமரி' உண்டு. 'ஈ.சி.சி. மெமரி' என்று அதற்குப் பெயர். விலை சற்று அதிகம். விலையைக் குறைப்பதற்காக அதை விட்டுவிடக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில், என்ன கணக்கு என்று பார்க்கவேண்டும். சில கணக்குகளை ஆயிரம் பேர் பங்கு போட்டுச் செய்வது போலச் செய்யலாம். அதற்கு 'ஜி.பி.யு.' சில்லு ஏற்றது. சில கணக்குகளில் ஒரு படி முடிந்த பிறகுதான் அடுத்த படி. அதற்கு அது உதவாது, பணம் வீண்.

இரண்டாவது, ஆராய்ச்சிக்கூடத்தின் சொந்தக் கணக்கு ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கவேண்டும். விடை முன்பே தெரிந்த கணக்காக இருப்பது நல்லது.

மூன்றாவது, மின்சாரம் போனால் தாங்கும் யு.பி.எஸ்., அறையைக் குளிரவைக்கும் வசதி, பழுது பார்க்கும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இவற்றை எல்லாம் டெண்டரிலேயே எழுதவேண்டும். வாங்கிய பிறகு வருந்திப் பயன் இல்லை.

எவ்வளவு நல்ல கம்ப்யூட்டராக இருந்தாலும், முக்கியமான விடையை இன்னொன்றிலும் போட்டுச் சரிபார்க்கவேண்டும். நைஸ்லி செய்தது அதுதான்.

பல ஆராய்ச்சிக்கூடங்கள் மக்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. அங்கே இளைஞர்கள் தங்கள் நல்ல வயதைச் செலவிடுகிறார்கள். தாமதமாக வரும் விடையால் சில நாட்கள்தான் வீணாகும். தவறான விடையால் பல ஆண்டுகள் வீணாகும்.

வேகம் வேண்டியதுதான். ஆனால், அதற்கு முன்னால் விடை சரியாக இருக்கவேண்டும்!