டியூப் விட்டு என்ன செய்தோம்?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நம்மிடம் வருகிறவர்கள் நீட்டும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளில் 'எண்டோஸ்கோப்பிக்' என்ற சொல் இருக்கிறது. என்ன செய்தார்கள் என்று கேட்டால், "டியூப் விட்டுப் பார்த்தாங்க" என்பதே பதில். புண்ணைப் பார்த்ததும், கட்டியை அகற்றியதும், சைனஸைத் திறந்ததும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான்.

அவர்கள் மேல் குற்றமில்லை. கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'ஸ்கோபெயின்' என்றால் உற்று நோக்குதல். 1853இல் பாரிஸில் தெசொர்மோ தம் கருவிக்கு எண்டோஸ்கோப் என்று பெயரிட்டபோது, ஆல்கஹாலும் டர்பன்டைனும் எரியும் விளக்கொளியில் சிறுநீர்ப்பாதையைப் பார்ப்பதே அதன் முக்கிய வேலை. 1868இல் குஸ்மால் இரைப்பைக்குள் நேரான குழாயைச் செலுத்த, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணை வேண்டியிருந்தது. குழாய் வளைந்து கொடுத்தது கண்ணாடி இழைகளால். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் லண்டனில் அந்த இழைகளைப் பற்றிச் செய்த ஆய்வு 1954இல் வெளியானது. அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் வளையும் கருவியை உருவாக்கி, 1957இல் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்.

பிறகு குழாய்க்குள் கருவி நுழையும் வழியும் வந்தது. பார்வை சிகிச்சையானது. சொல்லை மட்டும் நாம் மாற்றவில்லை.

இதில் எனக்குப் பெருங்கவலை தருவது பித்தநாள ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைச் சுமார் 3 மாதத்தில் எடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். 'எண்டோஸ்கோப்பிக் ஸ்டென்டிங்' என்ற வரியோடு வீடு திரும்பியவருக்கு, உள்ளே ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் போகலாம். மஞ்சள் காமாலை வடிந்து, பசி திரும்பிவிட்டால் ஏன் மறுபடி வரப்போகிறார்? ஸ்டென்ட் அடைத்து, குளிர் காய்ச்சலோடு சீழ் பிடித்த நிலையில்தான் வருவார். உணவுக்குழாயில் வீங்கிய இரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டவர்களும் அப்படியே. ஒருமுறையில் முடியாத சிகிச்சை என்று தெரியாதவர், அடுத்த இரத்த வாந்தி வரை வீட்டில் இருந்துவிடுகிறார்.

ஆகவே வாசக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலக் குறிப்பின் கீழே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: "டியூப் வழியாகப் பித்தக் குழாயில் பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறோம். இந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்." தேதியை நீங்களே நிரப்பி, உடன் வந்தவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி அனுப்புங்கள்.