ஃபேன் பெல்ட்டை நீங்களே மாத்தலாம்... ஆனா, டைமிங் பெல்ட்டில் கை வைக்காதீங்க!

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் இருந்து 'கிரீச்'னு ஒரு சத்தம். ரெண்டு செகண்டில் நின்றுவிடும். நாமும் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், திண்டிவனம் தாண்டி ஒரு மதிய வெயிலில் பெல்ட் அறுந்து போகும் வரை.

முதலில் பேட்டரி லைட் எரிந்தது. அடுத்து ஏசி காற்று சூடானது. 'அடுத்த பங்க்ல பார்த்துக்கலாம்' என்று மேலும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பெல்ட் விலை சில நூறு ரூபாய்தான். ஓவர்ஹீட் ஆகிப் போன ஹெட் கேஸ்கெட்டுக்குக் கொடுத்தது பல ஆயிரம்.

அதனால் சொல்கிறேன்: கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வேலையையாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த பெல்ட் என்ன செய்கிறது?

நம்ம ஊரில் 'ஃபேன் பெல்ட்' என்றுதான் பெயர். இன்றைய கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடினாலும் பெயர் மாறவில்லை. இன்ஜின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கும் ஏசி கம்ப்ரெஸருக்கும் கொண்டுபோவது இதுதான். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதை நம்பித்தான் ஓடுகிறது. அந்த கார்களில் பெல்ட் அறுந்தால் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு தெரியும். இப்போது வரும் 'இபிடிஎம்' ரப்பர் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். 'வெடிப்பு இல்லையே' என்று நம்பிவிடாதீங்க. பள்ளங்களின் ஆழம் குறைந்திருக்கா, ஓரம் பிசிறு விட்டிருக்கா என்று பாருங்க.

மாற்றுவது எப்படி?

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெல்ட் எந்தெந்த புல்லியைச் சுற்றிப் போகிறது என்று போனில் போட்டோ எடுப்பது ரொம்ப முக்கியம். பெல்ட்டின் முதுகில் '6பிகே1050' மாதிரி ஒரு எண் இருக்கும். 6 வரி, 1050 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். உங்கள் பெல்ட்டின் எண்ணைச் சொல்லியே புதுசு வாங்குங்கள்.

டென்ஷனரை ஸ்பேனரால் திருப்பினால் பெல்ட் தளரும். பழைய மாடல் என்றால் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இந்த ரெண்டும் இல்லாமல், இழுத்து மாட்டும் ரக பெல்ட் என்றால் தனி டூல் வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்க. கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரன்னு சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது; புது பெல்ட்டும் நிலைக்காது. மாட்டியபின் ஒவ்வொரு வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கா என்று போட்டோவோடு ஒப்பிட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜின் ஓடும்போது கையோ, துப்பட்டாவோ பக்கத்தில் போகக்கூடாது.

எங்கே நிறுத்தணும்?

நீளவாக்கில் வரி இருந்தால் நம்ம பெல்ட். மூடிக்குள் இருக்கும், குறுக்கே பல் வைத்த பெல்ட் வேறு. அது டைமிங் பெல்ட். பல கார்களில் அதற்குப் பதில் செயின் இருக்கும். டைமிங் தப்பினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. வாரண்டியில் இருக்கும் காரையும் சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள்.

'இதெல்லாம் மெக்கானிக் பொழப்பைக் கெடுக்காதா?' என்று கேட்கலாம். கெடுக்காது. என்ன பழுது என்று தெரிந்து வரும் கஸ்டமரை நல்ல மெக்கானிக் விரும்பவே செய்வார். தெரியாமல் போகிறவரிடம்தான் பில் நீளும்.

கார் லோன் வட்டியைப் பாயின்ட் கணக்கில் அலசுகிறோம். அதே காரின் பானெட்டை வாஷர் தண்ணி ஊற்ற மட்டும் திறக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் டார்ச்சை அடித்து அந்த பெல்ட்டை ஒருமுறை பாருங்க. அஞ்சு நிமிஷம் போதும்.