ஓடச் செய்தலும் படியச் செய்தலும்

கனிப்பொருட் சேறு குழாயினூடே தடையின்றி ஓடுதற்கும், ஓரிடத்தே விரைந்து படிதற்கும் இரசாயனப் பொருள்கள் துணைபுரியும் என்பதை அந்நூல் பயில்வோர் அறிவர். சோடியம் சேர்ந்த காரத்தைச் சிறிதளவு இடின், களிமண்ணின் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்து மிதக்கும், சேறும் இளகும். ஜிப்சத்தை இடினோ அவ்விலக்கம் தணிந்து துகள்கள் திரளும். பாலிஅக்ரிலமைடு என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறு பல துகள்களை ஒருங்கே பற்றிப் பிணிக்கும்.

இவ்விருவகையுள் முன்னதன் பயனையே கருதிப் பின்னதை மறந்ததனால் விளைந்த கேட்டிற்குக் கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணம் சான்றாகும். அங்கு 1920-களில் கார்ல் கிளார்க் என்னும் அறிஞர், எண்ணெய் மணலை வெந்நீரொடும் காரத்தொடும் கலக்கித் தாரெண்ணெயைப் பிரிக்கும் முறையை வகுத்தார். 1967-ஆம் ஆண்டு முதல் அது பெருந்தொழிலாயிற்று. எண்ணெயைப் பிரிக்க உதவிய காரமே களியையும் கலைத்துவிட்டது. கழிவுக் குட்டைகளில் மணல் விரைவிற் படிந்தது. நுண்களியோ நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கு திடப்பொருளுடன், பல பத்தாண்டுகள் கழிந்தும் தயிர்போல் தளும்பி நிற்கின்றது. இவ்வாறு தேங்கிய கழிவு நூறு கோடி கனமீட்டருக்கு மேற்பட்டது. 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு குட்டையில் இறங்கிய 1,600-க்கு மேற்பட்ட வாத்துகள், அதன்மேல் மிதந்த தாரெண்ணெயிற் சிக்கி மடிந்தன. அதபாஸ்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் பழங்குடியினர் தம் நீரையும் மீனையும் அச்சத்தோடே நோக்குகின்றனர்.

"படியச் செய்யும் மருந்துகள் உளவே, பின்னர் இட்டுக்கொள்ளலாகாதோ?" எனச் சிலர் வினவுவர். 1990-களிலேயே ஜிப்சமும், அதன்பின் பாலிமர்களும் அங்குக் கையாளப்பட்டன. எனினும் குட்டைகள் வற்றினவல்ல. நாடோறும் பெருகுஞ் சேற்றின் பின்னே மருந்து ஓடவேண்டியதாயிற்று. அன்றியும், பாலிமரின் அளவு தவறினும், கலக்குதல் மிகினும் திரள் கூடாது, கூடியதும் உடைந்துபோம். ஆய்வுசாலைக் குடுவையில் எளிதாவது ஏரி போன்ற குட்டையில் எளிதாவதன்று.

ஆதலின் எமது துணிபு இதுவே: சேற்றை இளக்கும் பொருளை இடுமுன், அதைப் படியச் செய்யும் வழியையும் அதற்காகும் செலவையும் தொழில் நடத்துவோர் காட்டல் வேண்டும், காட்டாதார்க்கு அரசினர் உரிமை வழங்கலாகாது. அச்செலவை இலாபக் கணக்கினின்று நீக்குவோர், அதனைப் பிறக்காத மக்களின் தலைமேற் சுமத்துகின்றனர். நம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் இளைஞர், நாளை ஆலைகளிற் பொறுப்பேற்குங்கால், குழாயின் தொடக்கத்தில் மட்டும் நில்லாது அதன் முடிவிலும் சென்று நிற்பாராக.