வீடு பார்க்க முதல் காசைப் பாருங்கள்

நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் விற்பனைப் பலகை ஒன்றைக் கண்டால் போதும், எம்மவர் காரை மெதுவாக விடுகிறார்கள். கீழ் வீட்டை வாடகைக்கு விடலாம், அம்மாவுக்கு ஓர் அறை ஒதுக்கலாம் என்று காருக்குள்ளேயே வீடு வாங்கி முடிந்துவிடும்.

என் வேலைத்தலத்து நண்பர் குடும்பம் 45,000 டொலர் சேர்த்து வைத்திருந்தது. பாதி சீட்டெடுத்த காசு, மற்றது மச்சானும் சினேகிதர்களும் கையில் கொடுத்தது. விற்பவரும் விலைக்குச் சம்மதித்தார். காசு எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்டது. சீட்டுக்கு ஏது ரசீது? கடன் எடுக்கக் கொடுத்த தவணை முடிந்தது. வீடு வேறொருவருக்குப் போனது. புருஷனும் பெண்சாதியும் இரவு வேலை செய்து சேர்த்த காசு, ஆனால் கடதாசி இல்லை.

வங்கிகள் வழமையாக 90 நாள் கணக்குக் கூற்றுக் கேட்கும். சீட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வங்கி எங்களை மதிக்காத காலத்தில் கைகொடுத்தது அதுதான். தாச்சியிடம் காசைச் செக்காக வாங்குங்கள், கணக்கில் போட்டு மூன்று மாதம் கிடக்க விடுங்கள். பெற்றோரோ சகோதரரோ தந்தால், திருப்பித் தரத் தேவையில்லாத அன்பளிப்பு என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். சினேகிதர் தந்த கைமாற்றை வங்கி கடனாகத்தான் பார்க்கும்.

கணக்குக்கு 700,000 டொலர் வீடு என்று வைப்போம். (எங்கள் பக்கம் டூப்ளெக்ஸ் அந்த விலைக்குக் கிடைப்பது அருமை.) முதல் 500,000க்கு நூற்றுக்கு 5, மிச்சத்துக்கு 10 வீதம் முற்பணம், ஆகக் குறைந்தது 45,000. முற்பணம் நூற்றுக்கு 20க்குக் குறைந்தால் கடனுக்குக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதிப் பணத்தைக் கடனோடு சேர்க்கலாம், கியூபெக்கில் அதன்மேல் வரும் வரியைக் கைக்காசில்தான் கட்டவேண்டும். ஊரில் போல இங்கும் உறுதி முடிப்பது நொத்தாரிசுதான், அவருடைய கூலி பொதுவாக வாங்குபவர் தலையில். குடிபோன பிறகு நகரசபையின் 'வரவேற்பு வரி' வரும். இந்த விலைக்கு அது 9,000 டொலருக்கு மேல். நல்ல வரவேற்பு!

2023 முதல் முதல்வீட்டுச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும் காசுக்கு வருமானவரி குறையும், முதல் வீட்டுக்கு எடுக்கும்போதும் வரியில்லை. கணக்குத் திறந்த வருடத்திலிருந்துதான் அந்த உரிமை சேரத் தொடங்கும். ஆகவே இப்போது கையில் 100 டொலர்தான் இருந்தாலும் திறந்து வையுங்கள்.

வீட்டைப் பரிசோதிப்பது பற்றி அடுத்த இதழில்.